தோளுக்கு ஆபரேஷன்... கைத்தூளி எத்தனை நாள்?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் இப்போதெல்லாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தெருவுக்கு இரண்டு பேர் செய்துகொண்டு, மூன்றாம் மாதம் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகிறார்கள். ஆனால், "தோள்பட்டையில் மூட்டு மாற்றினார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "அட, தோளுக்குக்கூட அப்படிச் செய்வாங்களா?" என்று மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். செய்கிறார்கள் அம்மா, நன்றாகவே செய்கிறார்கள்! ஒன்று தெரியுமா? தோளில் செயற்கை மூட்டு வைக்கிற முயற்சி 1893-லேயே நடந்திருக்கிறது. பாரிஸில் பேயான் என்ற டாக்டர், காசநோய் தோளை அரித்துவிட்ட ஒருவருக்கு, பிளாட்டினமும் ரப்பரும் சேர்த்துச் செய்த மூட்டை வைத்தார். இரண்டு வருஷம் போல இருந்தது. பிறகு சீழ் பிடித்து, எடுத்துவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கு வைப்பது உலோகமும் உயர்ரகப் பிளாஸ்டிக்கும். அது பல வருஷங்கள் தாங்குகிறது.

ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நம்மை ஆட்டி வைப்பது அந்த ஸ்லிங்தான். கழுத்தில் பட்டை போட்டு, கையை மடக்கி வைத்துக் கட்டுகிறார்களே, அந்தக் கைத்தூளி! அதை எத்தனை நாள் போட்டுக்கொள்வது, எப்போது கழற்றலாம், தூங்கும்போதும் வேண்டுமா, குளிக்கும்போது என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். போன வருஷம் என் அக்காவைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டதில் இதையெல்லாம் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

அக்காவுக்கு வயது 68. அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளை பெங்களூரில். வலது தோளில் எலும்புத் தேய்மானம். தலை வார முடியாது, மேல் அலமாரியில் இருந்து ஒரு சம்புடத்தை எடுக்க முடியாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் விடிய விடிய வலி. ஐந்து வருஷம் மாத்திரையும் ஊசியுமாக ஓட்டிவிட்டு, கடைசியில் திருச்சியிலேயே ஆபரேஷன் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் என்னோடு இருந்தாள்.

"ஆறு வாரம் இதைப் போட்டுக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு டீச்சரின் சம்பந்தியம்மாவுக்கும் இதே தோள் ஆபரேஷன்தான். அவருக்கு மூன்றே வாரத்தில் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டார்கள். அவர் என்னவோ அக்காவைவிட ஆறு வயது பெரியவர் வேறு!

"அவங்களுக்கு மூணு வாரம், எனக்கு மட்டும் ஆறு வாரமா? என் டாக்டர் பயந்தாங்கொள்ளி போலிருக்குடி" என்று என்னிடம் முணுமுணுத்தாள். நான் விடவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நோயாளியின் வீட்டுக்காரர்களுக்கு இப்படிப் படம் போட்டுச் சொல்கிற டாக்டர் கிடைப்பது பாக்கியம்தான்.

"புது மூட்டு கழன்று விழாம இருக்கத்தானே டாக்டர் இந்தக் கட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"மூட்டை எலும்புல கெட்டியாப் பொருத்தியாச்சும்மா. இந்தக் கட்டு மூட்டுக்காகன்னு நினைக்காதீங்க. முன்னால நான் தைச்சு வெச்சிருக்கேனே, அந்தத் தசைநாருக்காக" என்றார் அவர்.

விஷயம் இதுதான். நம் தோள் மூட்டு ஒரு பந்து, ஒரு கிண்ணம். உடம்பிலேயே அதிகமாகச் சுழலுகிற மூட்டு அது. சுழல வேண்டும் என்பதற்காகவே அதன் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கிறது. அப்படியானால் பந்து நழுவாமல் பிடித்து வைத்திருப்பது யார்? சுற்றிலும் இருக்கிற நாலு தசைகளும் அவற்றின் நார்களும்தான். இதில் முன்பக்கம் இருக்கிற பெரிய தசை, கையை வயிற்றை நோக்கி உள்பக்கமாகத் திருப்புகிற தசை. டாக்டர் மூட்டுக்குள் போக வேண்டுமானால் இந்த முன்பக்கத்து நாரைத்தான் எலும்பில் இருந்து பிரித்து, விலக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கதவைத் திறக்காமல் வீட்டுக்குள் போக முடியுமா? வேலை முடிந்ததும் அதே நாரை அதே இடத்தில் திரும்பத் தைத்துவிட்டு வெளியே வருகிறார். அந்தக் கதவு ஒட்டுகிற வரை போடுகிற தாழ்ப்பாள்தான் ஸ்லிங்.

தோலில் போட்ட தையல் 10, 14 நாளில் பிரித்துவிடலாம். ஆனால், நார் எலும்போடு ஒட்டுவது அப்படி இல்லை. ஓரளவு பிடிக்கவே ஆறு வாரம் ஆகும். நல்ல பலம் வர மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். அது கிழிந்தால் கை உள்பக்கம் திரும்புகிற பலம் போய்விடும், பந்து முன்பக்கமாக நழுவவும் செய்யும். மறுபடி கத்தி வைக்க வேண்டி வரலாம். ஆகவேதான் இந்த வகை ஆபரேஷனுக்குப் பெரும்பாலான டாக்டர்கள் நாலு முதல் ஆறு வாரம் என்கிறார்கள்.

சரி, சம்பந்தியம்மாவுக்கு ஏன் மூன்று வாரம்? அவருக்குச் செய்தது வேறு ஆபரேஷன்! தோளைச் சுற்றி இருக்கிற நார்கள் முன்பே கிழிந்து நைந்து போனவர்களுக்குப் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கிறார்கள். கிண்ணம் இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் கிண்ணம். பிரான்ஸில் தீஜோன் நகரத்து டாக்டர் கிராமோன் 1985-ல் வடிவமைத்த முறை இது. 'ரிவர்ஸ்' என்று பெயர். கிழிந்த நார்களை நம்பாமல், தோளுக்கு வெளியே குவிந்திருக்கிற பெரிய தசையை வைத்தே கையைத் தூக்க வைக்கிற தந்திரம். இதில் காத்திருக்க வேண்டிய தையல் சில சமயம் இருக்காது. இருந்தாலும் அவ்வளவு முக்கியமாக இருக்காது. அதனால் பல டாக்டர்கள் சீக்கிரமே ஸ்லிங்கை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்று, சம்பந்தியம்மா முழுசாகத் தப்பித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவே கூடாது என்று அவருக்கு மூன்று மாதம் தடை! உள்ளாடையின் பின்பக்க ஹூக்கைப் போடுவது, புடவையைப் பின்னால் செருகுவது, நாற்காலியின் கைப்பிடியைப் பின்னால் ஊன்றி எழுந்திருப்பது, எதுவும் கூடாது. அந்த வகை மூட்டு நழுவுவதற்கு வசதியான நிலை அதுதான்.

கீழே விழுந்து எலும்பு நொறுங்கி மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னொரு கணக்கு. நார் ஒட்டியிருக்கிற எலும்புத் துண்டுகளை எல்லாம் சேர்த்துப் புது மூட்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தத் துண்டுகள் கூடுகிற வரை கட்டு வேண்டும். 'ரிவர்ஸ்' ஆனாலும் அவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

ஆகவே, பக்கத்து வீட்டுக் கணக்கை நம் தோளுக்குப் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண மூட்டா, ரிவர்ஸா? முன்பக்கத்து நாரைத் தைத்தீர்களா? எந்தப் பக்கம் கையைத் திருப்பக் கூடாது, எத்தனை வாரத்துக்கு? பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சமையல் செய்ய வருகிற பெண்ணில் இருந்து பெங்களூரில் இருந்து வந்த பிள்ளை வரை எல்லாரும் படித்தார்கள்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லிங்கைச் சரியாகப் போடுவதே ஒரு கலை. முழங்கை பையின் அடிவரை போய் உட்கார வேண்டும். மணிக்கட்டு துணிக்குள் இருக்க வேண்டும், வெளியே தொங்கக் கூடாது. உள்ளங்கை முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் விரல்கள் வீங்காது. பட்டை கழுத்தை அறுக்கிறது என்று அக்கா சொன்னபோது, பழைய காட்டன் கைக்குட்டையை நாலாக மடித்துப் பட்டைக்குக் கீழே வைத்தேன். இரண்டு ஸ்லிங்காக வாங்கிவிடுங்கள். நம் ஊர் வேர்வைக்கு ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று வேண்டும். வளையல், மோதிரம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிடுவார்கள். வீக்கம் நன்றாக வடிகிற வரை திரும்பப் போடாதீர்கள். மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் இரவு அக்காவுக்குக் கையே இல்லாதது போல் இருந்தது. "இது யாரு கைடி?" என்று கேட்டாள்! வலி தெரியாமல் இருக்கக் கழுத்தோரத்தில் மரத்துப் போகிற ஊசி போட்டிருந்தார்கள். ஒரு நாள் போல அது இருக்கும். அந்த நேரத்தில் ஸ்லிங்கைக் கழற்றவே கூடாது. உணர்ச்சி இல்லாத கை பொத்தென்று விழும், விழுந்ததும் தெரியாது.

தூக்கந்தான் பெரிய பாடு. ஆறு வாரமும் இரவில் ஸ்லிங்கோடுதான். நிமிர்ந்து படுக்க வேண்டும். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் படுத்தால் இன்னும் சௌகரியம். மட்டமாகப் படுத்தால் முழங்கை மெத்தையில் பின்னோக்கி இறங்கி, முன்பக்கத்துத் தையலை இழுக்கும். அதற்காக முழங்கைக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொன்னாள் பிசியோதெரபிப் பெண். "படுத்திருக்கும்போது உங்க முழங்கை உங்க கண்ணுக்குத் தெரியணும்மா. தெரியலைன்னா பின்னால போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். எவ்வளவு சுலபமான அளவுகோல் பாருங்கள்!

குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றலாம். காயம் ஆறித் தண்ணீர் படலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அக்காவை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். அக்குளைச் சுத்தம் செய்யக் கையைத் தூக்கக் கூடாது. உடம்பை முன்னால் சாய்த்தால் கை தானாகத் தொங்கி இடைவெளி கிடைக்கும். அதில் ஈரத்துணியை விட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஈரம் தங்கினால் இரண்டே நாளில் புண்ணாகிவிடும். காயத்தின் பக்கம் பவுடர் வேண்டாம். பாத்ரூம் தரையை அடிக்கடி துடைத்துவிடுங்கள். ஒரு கை கட்டியிருந்தால் நமக்குத் தள்ளாட்டம் அதிகம், விழுந்தாலும் ஊன்றக் கை இல்லை.

உடை மாட்டும்போது ஆபரேஷன் செய்த கைக்கு முதல் மரியாதை: முதலில் அந்தக் கையை நுழைத்துவிட்டுப் பிறகு மற்றது. கழற்றும்போது அந்தக் கை கடைசி. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள நைட்டிதான் சௌகரியம். "நாலு பேர் பார்க்க வரும்போது நைட்டியா?" என்று அக்கா அழமாட்டாத குறையாகச் சொன்னதால், பழைய ரவிக்கைகள் மூன்றை எங்கள் தையல்காரரிடம் கொடுத்து, வலது தோள் தையலைப் பிரித்து நாடா வைத்துத் தைத்து வாங்கினேன். நாடாவை அவிழ்த்தால் கையை அசைக்காமலே போடலாம். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள்!

சாப்பாடு இன்னொரு சங்கடம். இடது கையால் சாப்பிட அக்காவுக்கு மனசே வரவில்லை. முதல் வாரம் நானே ஊட்டினேன். பிறகு இடது கையில் ஸ்பூன். மூன்றாவது வாரம் டாக்டர், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குனிந்து வலது கையால் சாப்பிடலாம் என்றார். அன்றைக்குத் தயிர் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இடது தோளில் ஆபரேஷன் என்றால் சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. ஆனால் கால் கழுவுவது கஷ்டம். இதை எந்த ஆஸ்பத்திரியிலும் வாய் விட்டுச் சொல்வதில்லை. நாமும் கேட்கக் கூச்சப்படுகிறோம். ஆபரேஷனுக்கு முன்பே, வலது கைக்கு எட்டுகிற பக்கத்தில் கைக்குழாய் மாட்டி, அந்தக் கையால் பழகி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்லிங் போட்டிருந்தால் கைக்கு முழு ஓய்வு என்று அர்த்தம் இல்லை. மறுநாளில் இருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும், தினமும் பல முறை ஸ்லிங்கைத் தளர்த்தி முழங்கையை நீட்டி மடக்க வேண்டும் என்றாள் பிசியோதெரபிப் பெண். இல்லாவிட்டால் விரல்கள் வீங்கும், முழங்கை விறைத்துவிடும். பிறகு, முன்னால் குனிந்து கையை ஊஞ்சல் போல மெதுவாக ஆட விடுவது; படுத்துக்கொண்டு இடது கையால் வலது கையைத் தூக்கி உயர்த்துவது. அந்தக் கை தன் பலத்தில் எதுவும் செய்யாது, இன்னொரு கை அதைச் சுமக்கும். இவற்றை எப்போது ஆரம்பிப்பது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து வந்தது மூன்றாவது வாரத்தில். அதுவும் வலி குறைந்ததால் வந்தது! முதல் பத்து நாள் வலியே காவலாக இருந்தது. வலி போனதும் அக்காவுக்குக் கை நினைவே இல்லை. "ஒண்ணும் வலிக்கலையே, எதுக்கு இது?" என்று டி.வி. பார்க்கும்போது ஸ்லிங்கைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வாள். 19-ம் நாள், தாழ்வான சோபாவில் இருந்து வலது கையை ஊன்றி எழுந்துவிட்டாள். தோளின் முன்பக்கம் சுருக்கென்றது. அன்றைய இரவு எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. "திரும்பக் கிழிச்சுத் தைப்பாங்களாடி?" என்று மணிக்கொரு தரம் கேட்டாள். காலையில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பார்த்து, தையல் பிரியவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"வலி இல்லைங்கறது காயத்தோட செய்திம்மா, நாரோட செய்தி இல்லை" என்றார் அவர். கையை ஊன்றி எழுந்திருப்பது, கனமான கதவைத் தன்னை நோக்கி இழுப்பது, மாவு பிசைந்து அழுத்துவது இவையெல்லாம் அந்த நாருக்கு வேலை கொடுக்கிறவை. கையை வெளிப்பக்கம் விரிப்பது அதை இழுக்கிறது. ஆறு வாரம் வரை ஒரு காபி டம்ளருக்கு மேல் கனம் கூடாது. வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, சோபாவைத் திண்ணைப் பக்கம் தள்ளிவிட்டு உயரமான நாற்காலி போட்டதுதான். நம் வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. கண்ணில் படுகிற பாத்திரத்தை எடுத்துவிடுவார்கள். அதனால், சமையலறையில் அக்கா நிற்பதற்கே தடை போட்டேன். கோபித்துக்கொண்டாள். பரவாயில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆறு வாரம் முடிந்து டாக்டர் கழற்றச் சொன்னபோது அக்கா கழற்ற மாட்டேன் என்றாள்! "கட்டு இல்லாட்டி கை கழன்று விழுந்துடும் போல இருக்கு" என்றாள். பலருக்கு இந்தப் பயம் வருமாம். பயந்துகொண்டு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். ஆபரேஷன் செய்ததன் பலனே போய்விடும். ஒரேயடியாகவும் கழற்ற வேண்டாம். முதலில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கழற்றிக் கையைத் தலையணை மேல் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் நடக்கும்போது. அதன் பின் இரவில். வெளியே போகும்போது மட்டும் இன்னும் பத்து நாள் போட்டுக்கொண்டாள். அது தோளுக்காக இல்லை, ஜனங்களுக்காக! கல்யாண மண்டபத்தில் "வாங்கக்கா!" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்களுக்கு அது ஒரு சிவப்புக் கொடி.

நடுவில் காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், நாளுக்கு நாள் கூடுகிற வலி, திடீரென்று தோளின் வடிவம் மாறினாற்போல் தெரிவது, விரல்கள் மரத்து நிறம் மாறுவது, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் காயமும் நாரும் சீராக ஆறும்.

ஸ்லிங்கைக் கழற்றியதும் பழைய கை வந்துவிடாது. ஆறாவது வாரத்தில் அக்காவால் சொந்த பலத்தில் வலது கையை மார்பு உயரத்துக்குக்கூடக் கொண்டுவர முடியவில்லை. பிசியோதெரபியில் அதன் பிறகுதான் பலப்படுத்துகிற பயிற்சிகளைத் துளித்துளியாகச் சேர்த்தார்கள். பன்னிரண்டாவது வாரம் தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். கொண்டை மட்டும் நான் போட்டுவிட்டேன். தோசை வார்க்க அனுமதி கிடைத்தது. வாளித் தண்ணீர் தூக்குவதற்கும், கிரைண்டர் கல்லைத் தூக்குவதற்கும் இன்னும் தடைதான். அந்தக் கல்லை இப்போது பெங்களூர்ப் பிள்ளை தூக்கி வைக்கிறான்.